மிதக்கும் கல்லின் கணக்கு: நுரைக்கல் எப்படி உருவாகிறது, எதற்கெல்லாம் உதவுகிறது

2021 அக்டோபரில் ஜப்பானின் ஒகினாவா தீவுத் துறைமுகங்களைச் சாம்பல் நிறக் கற்கள் மூடிக்கொண்டன. கரையில் கல் ஒதுங்குவது செய்தியே அல்ல. இவை தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருந்தன. மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போக முடியாமல் கட்டியபடியே கிடந்தன. மண் அள்ளும் இயந்திரங்களைக் கொண்டுவந்து துறைமுகத்து நீர்ப்பரப்பிலிருந்து கல்லை அள்ள வேண்டியிருந்தது. கற்கள் புறப்பட்ட இடமோ ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் ஃபுகுடோகு-ஒகனோபா என்ற கடலடி எரிமலை. அது வெடித்தது ஆகஸ்ட் 13 அன்று. இரண்டு மாதம் மிதந்தே வந்திருக்கின்றன.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2019 ஆகஸ்டில், டோங்கா தீவுகளுக்கு அருகே சுமார் 150 சதுர கிலோமீட்டர் பரப்பில் இதே போன்ற கற்கள் கடலை மூடின. அப்போது வந்த தலைப்புகள் வேறு மாதிரி: இந்தக் கற்கள் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுகளைக் காப்பாற்றப் போகின்றன என்றார்கள்.

கல் எப்படி மிதக்கும், எத்தனை நாள் மிதக்கும், அது நல்லதா கெட்டதா என்ற குழப்பம் இப்படிப்பட்ட செய்திகள் வரும்போதெல்லாம் எழுகிறது. கல்லின் பெயர் நுரைக்கல். கடைகளில் பியூமிஸ் கல் என்று கேட்டால் கிடைக்கும். இதன் எல்லாக் குணங்களையும் இரண்டே விஷயங்களில் இருந்து வருவித்துவிடலாம். ஒன்று, அது கண்ணாடி. இரண்டு, அதன் பெரும்பகுதி வெற்றிடம், அதாவது வாயுவோ காற்றோ நிறைந்த குமிழிகள்.

கல் என்று சொன்னாலும் அது கண்ணாடி

பெரும்பாலான பாறைகள் படிகங்களால் ஆனவை. உருகிய பாறைக்குழம்பு மெதுவாக ஆறினால், அதிலுள்ள அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்கும், படிகங்கள் வளரும். கிரானைட் அப்படிப் பிறந்தது. அதே குழம்பு சட்டென்று ஆறினால் அடுக்க நேரம் இருக்காது. எந்த ஒழுங்கும் இல்லாமல் அப்படியே உறைந்துவிடும். அந்த நிலைக்குத்தான் கண்ணாடி என்று பெயர். ஜன்னல் கண்ணாடியும் இந்த வகைதான். எரிமலைக் கண்ணாடியும் இந்த வகைதான்.

எரிமலைக் கண்ணாடியில் குமிழி ஏதும் இல்லாவிட்டால் அது அப்சிடியன்: பளபளப்பான கறுப்புக் கல், பழங்கால மனிதர்கள் கத்தியாகச் செதுக்கியது. குமிழி நிறைந்தால் அது நுரைக்கல். வேதியியல் சேர்மானம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். பிறகு ஒன்று ஏன் கறுப்பு, மற்றது ஏன் வெளுப்பு? நுரைக்கல்லில் குமிழிகளுக்கு இடையிலுள்ள சுவர்கள் மிக மெல்லியவை. ஒளி அவற்றில் பட்டு நாலாபக்கமும் சிதறுவதால் கண்ணுக்கு வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ தெரிகிறது. நுரைக்கல்லின் கன அளவில் வெற்றிடம் பொதுவாக 60-லிருந்து 85 சதவீதம் வரை இருக்கும். சிலவற்றில் இன்னும் அதிகம்.

உருவாகும் விதம்

இங்கே வரிசை முக்கியம். ஒரு படி மாறினால் வேறு கல் கிடைக்கும்.

1. பூமிக்கடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் சிலிக்கா (சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) மிகுந்த பாறைக்குழம்பு தேங்கி நிற்கிறது. ரையோலைட், டேசைட் வகைக் குழம்புகள் இப்படிப்பட்டவை. சிலிக்கா கூடக்கூட குழம்பு கெட்டிப்படும். சிலிக்கா குறைந்த பசால்ட் குழம்பு ஆறு போல ஓடும்; ரையோலைட் குழம்பின் பாகுத்தன்மை அதைப் போல லட்சம் மடங்குக்கும் மேல்.

2. அந்தக் குழம்பில் நீர் கரைந்திருக்கிறது. ஆழத்தின் அழுத்தத்தில், எடையில் 4 முதல் 6 சதவீதம் வரை நீர் கரைந்திருக்க முடியும். கொஞ்சம் கார்பன் டைஆக்சைடும் கந்தக வாயுக்களும் உண்டு, ஆனால் முக்கிய வேலையைச் செய்வது நீர்தான்.

3. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது. கரைந்திருக்கும் நீர் இனி கரைந்திருக்க முடியாமல் ஆவியாகப் பிரிந்து குமிழிகளாகிறது. எவ்வளவு விரியும் தெரியுமா? 5 சதவீத நீர் கரைந்த ஒரு கன மீட்டர் ரையோலைட் குழம்பு 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மேற்பரப்பு அழுத்தத்துக்கு வந்தால், குழம்பும் ஆவியுமாகச் சேர்ந்து 670 கன மீட்டர் ஆகும்.

4. குழம்பு கெட்டியாக இருப்பதால் குமிழிகள் தப்பி மேலே போக வழியில்லை. உள்ளேயே வீங்குகின்றன. கன அளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு குமிழியாகிவிட்ட நிலையில் நுரை கிழிந்து சிதறுகிறது. வெடிப்பு என்று நாம் பார்ப்பது இதைத்தான்.

5. சிதறிய துண்டுகள் காற்றிலோ நீரிலோ பட்டுச் சட்டென்று உறைகின்றன. குமிழிகள் சுருங்கிப்போவதற்கு முன் சுவர்கள் கண்ணாடியாகிவிடுகின்றன.

இதற்குச் சோடா பாட்டிலைத் திறப்பதை எல்லோரும் உவமையாகச் சொல்வார்கள். மூன்றாவது படிக்கு அது பொருந்தும். நான்காவதும் ஐந்தாவதும் அதில் இல்லை: சோடாவின் குமிழிகள் தடையில்லாமல் மேலேறி உடைந்துவிடும், நுரையும் அடங்கிவிடும். நுரைக்கல்லுக்குக் காரணமே குமிழிகள் தப்ப முடியாததும், நுரை அடங்குவதற்குள் உறைந்துவிடுவதும்தான்.

இன்னொன்றும் இங்கே கவனிக்கலாம். நான்காவது படியில் நுரை எந்த அளவுக்குத் தூளாகிறது என்பதைப் பொறுத்தே வெடிப்பில் என்ன கிடைக்கும் என்பது அமைகிறது. குமிழிச் சுவர்கள் முழுக்க நொறுங்கினால் கிடைப்பது எரிமலைச் சாம்பல். நொறுங்காமல் பிழைத்த துண்டுகள் நுரைக்கற்கள். விமான எஞ்சின்களைக் கெடுக்கும் அந்தச் சாம்பலில் பெரும்பகுதி, நுரைக்கல் ஆகாமல் போன கண்ணாடித் தூள்தான்.

கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடித்தபோது பாம்பெய் நகரத்தின் மேல் முதலில் விழுந்தது இந்த நுரைக்கற்கள். முதலில் வெள்ளை, அப்புறம் சாம்பல் நிறம். நிலத்தடித் தேக்கத்தில் மேலே இருந்த குழம்பும் கீழே இருந்த குழம்பும் சேர்மானத்தில் வேறுபட்டிருந்தன. மேலே இருந்தது முதலில் வெளியேறியது. அகழ்ந்த குழியின் சுவரில் அந்த இரண்டு நிற அடுக்குகளைப் பார்த்து, தேக்கம் எந்த வரிசையில் காலியானது என்று ஆய்வாளர்களால் சொல்ல முடிகிறது. கிட்டத்தட்ட மூன்று மீட்டர் கனத்துக்குக் கல் சேர்ந்தது. எடை தாங்காமல் கூரைகள் இடிந்தன. ஒவ்வொரு துண்டும் இலேசுதான், குவியல் இலேசு இல்லை.

பார்வைக்கு ஒன்றாக இருக்கும் வேறு கற்கள்

ஓட்டை ஓட்டையாக இருக்கும் எரிமலைக் கல் எல்லாம் நுரைக்கல் இல்லை. ஸ்கோரியா கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். பசால்ட் வகைக் குழம்பில் பிறந்தது, சுவர்கள் தடிமன், பெரும்பாலும் நீரில் மூழ்கும். ரெட்டிகுலைட் என்று ஒன்று ஹவாயில் கிடைக்கிறது. அதன் கன அளவில் 95 சதவீதத்துக்கும் மேல் வெற்றிடம், அப்படியிருந்தும் மூழ்கிவிடும். ஏனென்றால் அதில் சுவரே இல்லை, வலைபோன்ற இழைகள்தான். நீர் உடனே உள்ளே புகுந்துவிடுகிறது. கடையில் பாதத்தைத் தேய்க்க விற்கும் கற்களில் பல, தொழிற்சாலையில் நுரைக்கவைத்த கண்ணாடி. துளைகள் எல்லாம் ஒரே அளவில், வரிசையாக இருந்தால் அது இயற்கையானதாக இருக்க வாய்ப்பு குறைவு.

மிதப்பதற்கான கணக்கு

எளிய பகுதியை முதலில் முடித்துவிடலாம். குமிழி இல்லாத எரிமலைக் கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.4 கிராம். கடல்நீரின் அடர்த்தி 1.025. கல்லில் வெற்றிடம் 57 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அதன் சராசரி அடர்த்தி கடல்நீரைவிடக் குறைந்துவிடும். வெற்றிடம் 75 சதவீதம் என்றால் அடர்த்தி 0.6. மிதக்காமல் என்ன செய்யும்?

சிக்கல் இனிமேல்தான். நுரைக்கல்லின் குமிழிகளில் பெரும்பாலானவை தனித்தனியாக மூடப்பட்டவை அல்ல. ஒன்றோடொன்று இணைந்து வெளியே திறந்திருப்பவை. அப்படியானால் நீர் உள்ளே புகுந்து கல் சீக்கிரம் மூழ்க வேண்டும். உண்மையில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் மிதக்கிறது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து ஆய்வாளர்கள் இதற்கு 2017-இல் ஒரு விடை சொன்னார்கள். நீரில் ஊறும் நுரைக்கல்லை எக்ஸ்-கதிர் மூலம் முப்பரிமாணப் படமெடுத்துப் பார்த்தார்கள். குறுகிய துளைகள் வழியே நீர் புகுந்து பரவுகிறது. ஆனால் அது எல்லாக் காற்றையும் விரட்டுவதில்லை. பல இடங்களில் நீர் வழியை அடைத்துக்கொள்ள, அதற்குள் வாயு சிறைப்பட்டு நிற்கிறது. அந்த நிலையைக் குலையாமல் பிடித்து வைத்திருப்பது நீரின் பரப்பு இழுவிசை. சிறைப்பட்ட வாயு வெளியேற ஒரே வழி, நீரில் கரைந்து ஊடுருவிப் போவதுதான். அது மிக மெதுவாக நடக்கும். கல் பெரிதாக இருந்தால் வாயு கடக்க வேண்டிய தூரமும் அதிகம், ஆகவே பெரிய துண்டுகள் நெடுநாள் மிதக்கும், பொடிக்கற்கள் முதலில் மூழ்கும்.

கொதிக்கும் சூட்டோடு நீரில் விழுந்த நுரைக்கல்லின் கதை வேறு. அதன் துளைகளில் புகும் நீர் ஆவியாகி, உள்ளே இருந்த காற்றை வெளியே தள்ளும். கல் ஆறியதும் அந்த ஆவி மறுபடி நீராகச் சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வெளிநீர் உள்ளே உறிஞ்சப்படும். விளைவு, கல் உடனே மூழ்கிவிடும். ஒரே எரிமலையின் கற்களில் சில கடலடியில் கிடப்பதற்கும் சில ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் போவதற்கும் இந்த வெப்ப வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம்.

கடலில் மிதக்கும் திட்டுகள்

கோடிக்கணக்கான நுரைக்கற்கள் சேர்ந்து மிதப்பதை நுரைக்கல் திட்டு என்று சொல்லலாம். 1883-இல் கிரகடோவா வெடித்தபோது உண்டான திட்டுகள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரையைத் தொட்டன. 2012 ஜூலையில் நியூசிலாந்துக்கு வடகிழக்கே ஹாவர் என்ற கடலடி எரிமலை வெடித்து 400 சதுர கிலோமீட்டர் அளவுக்குத் திட்டை உண்டாக்கியது. எரிமலையின் வாய்கள் 900 மீட்டருக்கும் கீழே இருந்ததால் மேலே பெரிய ஆரவாரம் எதுவுமில்லை. விமானத்தில் போன ஒரு பயணி கடலில் விசித்திரமான பரப்பைக் கண்டு படமெடுத்த பிறகுதான் விஷயமே கவனத்துக்கு வந்தது. கடந்த நூறு ஆண்டுகளில் ஆழ்கடலில் நடந்தவற்றில் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று இப்படித்தான் தெரிய வந்தது என்பது, கடலடி எரிமலைகளை நாம் எவ்வளவு குறைவாகக் கண்காணிக்கிறோம் என்பதற்குச் சான்று.

கப்பலுக்கு இவற்றால் வரும் ஆபத்து மோதலில் இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் குழாயில்தான் இருக்கிறது. கல்லும் பொடியும் வடிகட்டியை அடைக்கும், நீர் வரத்து நிற்கும், எஞ்சின் சூடேறும். ஒகினாவாவில் படகுகள் கரையிலேயே நின்றதற்குக் காரணம் இதுதான்.

சரி, பவளத்திட்டுகளைக் காப்பாற்றும் என்ற செய்தி? அதில் உண்மையின் ஒரு துளி உண்டு. 2006-இல் டோங்கா பகுதியில் ஹோம் ரீஃப் எரிமலை வெடித்துப் புறப்பட்ட கற்கள் 5,000 கிலோமீட்டருக்கு மேல் பயணித்து ஆஸ்திரேலியக் கரையை அடைந்தன. வழியில் 80-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் அவற்றில் ஒட்டிக்கொண்டிருந்தன: பாசி, கொட்டலசு, நண்டு, பவள உயிர்கள் என்று பலவும். தீவுக்குத் தீவு உயிரினங்கள் பரவ இது நல்ல வாகனம். ஆனால் பவளத்திட்டுகள் அழிவதற்குப் பெரிய காரணம் கடல்நீர் சூடாவது. புதிதாக வந்து சேரும் உயிரும் அதே சூடான நீரில்தான் வாழ வேண்டும். குடியேற்றத்துக்கு உதவும் ஒன்றை மீட்பு என்று எழுதியது தலைப்பு போட்டவர்களின் மிகை. போதாக்குறைக்கு இந்த வாகனம், வேண்டாத உயிரினங்களையும் அதே போல ஏற்றிக்கொண்டு வரும்.

மண்ணுக்கடியில் ஒரு பலவீனம்

கண்ணாடி நிலையானது அல்ல. ஒழுங்கில்லாத அணு அமைப்பு கொண்டதால் நீருடன் வினைபுரிந்து காலப்போக்கில் களிமண்ணாகவும் வேறு கனிமங்களாகவும் மாறிவிடும். நாம் பார்க்கும் நல்ல நுரைக்கற்கள் எல்லாம் புவியியல் கணக்கில் நேற்றுப் பிறந்தவை என்பதற்குக் காரணம் இது.

இந்த மாற்றம் உயிரைப் பறிக்கவும் கூடும். 2018 செப்டம்பர் 6 அன்று ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் 6.6 அளவு நிலநடுக்கம் வந்தது. அட்சுமா என்ற ஊரைச் சுற்றிய குன்றுகளில் ஆயிரக்கணக்கான சரிவுகள் ஒரே நேரத்தில் ஏற்பட்டன. சரிந்த இடங்களில் பலவற்றில், தருமாயே எரிமலை ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய நுரைக்கல் அடுக்கு இருந்தது. நுரைக்கல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சிதைந்து களிமண்ணாகும்போது வழுக்கும். குலுக்கல் வந்ததும் அந்த அடுக்கின் மேலிருந்த மண் முழுவதும் போர்வை போல நழுவியது. எரிமலைப் பகுதிகளில் குடியிருப்புக்கு இடம் தேடும்போது மண்ணுக்கடியில் எந்த அடுக்கு எவ்வளவு கனத்தில் இருக்கிறது என்று பார்ப்பது இதனால்தான்.

பயன்கள்: எந்தக் குணம், எந்த வேலை

பயன்களைப் பொருட்களாக அடுக்காமல் குணத்தைக் கொண்டு பிரித்தால் தெளிவாக இருக்கும்.

1. தேய்ப்பது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோ அளவில் நுரைக்கல் 5.5 முதல் 6 வரை. பல் எனாமலைவிடச் சற்றே கடினம். குமிழிச் சுவர்களின் விளிம்புகள் கூர்மையானவை, ஆனால் எளிதில் உடைந்து புதிய விளிம்பு தரும். ஆழமாகக் கீறாமல் மேலாகத் தேய்க்க இது தோதானது. பாதத்துத் தடித்த தோல், மரத்தின் மெருகு, பல் மருத்துவர் பயன்படுத்தும் மெருகுப்பசை, பட்டறைக்காரர்களின் கைகழுவும் சோப்பு எல்லாவற்றிலும் இதே சூத்திரம். எனாமலைவிடக் கடினம் என்பதால் வீட்டில் தினமும் பல் தேய்க்க இந்தப் பொடியைப் பயன்படுத்துவது நல்லதல்ல.

ஜீன்ஸ் துணி வெளுப்பதும் இந்த வகையில் சேரும். இண்டிகோ சாயம் நூலின் மேற்பரப்பில் மட்டும் ஏறும்; உள்ளே நூல் வெள்ளையாகவே இருக்கும். பெரிய உருளையில் துணியையும் நுரைக்கற்களையும் சேர்த்துச் சுழற்றினால் மேற்பரப்பு தேய்ந்து வெள்ளை தெரிகிறது. வெளுப்பு ரசாயனத்தில் கல்லை ஊறவைத்துச் சுழற்றினால் திட்டுத்திட்டாக வெளுக்கும். இதில் தொல்லை என்னவென்றால் கல்லும் தேயும்: சேறு சேரும், இயந்திரம் தேயும். அதனால் பல ஆலைகள் செல்லுலேஸ் என்ற நொதிக்கும் லேசர் கருவிக்கும் மாறிவிட்டன, அல்லது கல்லின் அளவைக் குறைத்துவிட்டன.

2. இலேசாக்குவது. ஜல்லிக்குப் பதில் நுரைக்கல்லைப் போட்டால் கான்கிரீட்டின் எடை வெகுவாகக் குறையும். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். ரோமின் பாந்தியன் கோயிலின் குவிமாடக் கூரை 43.3 மீட்டர் விட்டம் கொண்டது. கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் அதுவே பெரியது. கட்டியவர்கள் கீழ்ப்பகுதியில் கனமான கற்களையும் உச்சியை நெருங்க நெருங்க நுரைக்கல் போன்ற இலேசான கற்களையும் கலந்தார்கள். ஜெர்மனியில் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த லாகர் சே எரிமலையின் நுரைக்கல் படிவை நம்பி, சுவர்க்கட்டி செய்யும் ஒரு தொழிலே வளர்ந்தது.

பலவீனமும் இதோடு சேர்ந்தே வரும். இலேசான கான்கிரீட் அழுத்தத்தைக் குறைவாகத்தான் தாங்கும். கல் நீரை உறிஞ்சுவதால், முன்கூட்டியே நனைக்காமல் கலந்தால் சிமெண்டுக்குத் தேவையான நீரைக் கல்லே குடித்துவிடும்.

3. நீரும் காற்றும் தங்க இடம் தருவது. தொட்டிச் செடிகளின் மண்ணில் கலந்தால் வேருக்குக் காற்று கிடைக்கும். கல் தன் துளைகளில் ஈரத்தையும் வைத்திருக்கும். போன்சாய் வளர்ப்பவர்கள் தேடி வாங்கும் கனுமா மண் உண்மையில் சிதைந்த நுரைக்கல்தான்; ஜப்பானின் அகாகி எரிமலை ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் கக்கியது. குன்றுச் சரிவில் ஆபத்தாக இருந்த அதே ஈர உறிஞ்சல் தொட்டியில் உதவியாகிறது.

4. சிமெண்டுடன் வினைபுரிவது. என் பார்வையில் வருங்காலத்தில் அதிக முக்கியத்துவம் பெறப்போவது இந்தப் பயன்தான். சிமெண்ட் நீருடன் சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அது கான்கிரீட்டுக்கு வலுச் சேர்க்காத துணைப்பொருள். நைசாக அரைத்த நுரைக்கல் மாவை அதில் கலந்தால், கண்ணாடியிலுள்ள சிலிக்கா அந்த ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து, கான்கிரீட்டைக் கட்டிப்பிடிக்கும் பசைப்பொருளையே மேலும் உண்டாக்குகிறது. ஆற்றுமணலிலும் சிலிக்கா உண்டு, ஆனால் அது படிகமாக இறுகிக் கிடப்பதால் இப்படி வினைபுரியாது. முதலில் சொன்ன 'கண்ணாடி' என்ற குணம் இங்கே நேரடியாகப் பணம் ஆகிறது. ரோமானியர்கள் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்து கடலுக்குள்ளேயே துறைமுகச் சுவர் கட்டியதும் இதே வினையால்தான்.

உலகின் கார்பன் டைஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. சிமெண்டில் ஒரு பகுதியை நுரைக்கல் மாவால் மாற்றினால் அந்த அளவுக்கு வெளியேற்றம் குறையும். இதுவரை அந்த வேலையைப் பெரிதும் செய்துவந்தது நிலக்கரி மின்நிலையங்களின் சாம்பல். நிலக்கரி நிலையங்கள் மூடப்படும் நாடுகளில் அந்தச் சாம்பல் அரிதாகிறது; நுரைக்கல் மீது கண் திரும்பியிருப்பது அதனால்.

எடுப்பதில் உள்ள செலவு

துருக்கி, இத்தாலி, கிரேக்கம் ஆகியவை நெடுங்காலமாக நுரைக்கல்லை வெட்டியெடுக்கும் நாடுகள். வெட்டுவது கடினமில்லை: படிவு மேற்பரப்பில் இருக்கும், வெடிவைக்கத் தேவையில்லை, வாரியெடுத்தால் போதும். செலவு போக்குவரத்தில் இருக்கிறது. இலேசான, பருமனான சரக்கு என்பதால் லாரி எடையால் நிரம்பும் முன் இடத்தால் நிரம்பிவிடும். எரிமலைக்கு அருகே இருப்பவர்களுக்கு மட்டும் மலிவு என்ற நிலை இதனால்தான் மாறவில்லை.

பள்ளமும் தூசும் தனிக்கதை. இத்தாலியின் லிபாரி தீவில் நூற்றாண்டுக் கணக்கில் நுரைக்கல் எடுத்தார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்கு வந்த நுரையீரல் நோய்க்குத் தீவின் பெயரையே மருத்துவர்கள் வைத்தார்கள். கண்ணாடிச் சிலிக்கா, படிகச் சிலிக்கா அளவுக்குக் கொடியதல்ல. என்றாலும் படிவில் படிகங்களும் கொஞ்சம் கலந்திருக்கும், தூசை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெடும். கல்லை உலர்வாக அறுப்பவர்களும் அரைப்பவர்களும் முகக்கவசம் போட வேண்டும், இல்லையென்றால் நனைத்து அறுக்க வேண்டும். 2000-இல் அந்தத் தீவுக்கூட்டம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மலைச்சரிவைக் குடையும் சுரங்கமும் பட்டியலும் ஒத்துப்போகவில்லை. 2007-இல் வெட்டுவது நின்றது. வெள்ளைச் சரிவுகளும் துருப்பிடித்த ஏற்றுமதி மேடைகளும் அங்கே இன்னும் நிற்கின்றன.